புற்றுநோய் எபிஜெனடிக்ஸ் ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் புற்றுநோயின் மூலக்கூறு உயிரியலில் நான் வேலை செய்யத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரிக் கருத்தரங்குகளிலும், அட்மிஷன் நேரத்தில் தொலைபேசியிலும், மருத்துவமனை வராந்தாவிலும் என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் திரும்பச் சொல்லாமல், முந்தைய பதிலைக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்திருக்கிறேன்.

1. ஜெனடிக்ஸ் தெரியும் மேடம். இந்த எபிஜெனடிக்ஸ்னா என்ன?

ஜெனடிக்ஸ் என்பது டி.என்.ஏ.வில் உள்ள எழுத்துகளைப் பற்றியது. எபிஜெனடிக்ஸ் என்பது அந்த எழுத்துகள் எப்படிப் படிக்கப்படுகின்றன என்பதைப் பற்றியது. தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சொல்ல எளிய வழி ஒன்று உண்டு. 'க' மேல் ஒரு புள்ளி வைத்தால் 'க்' ஆகிறது. எழுத்து அதேதான், அதிலிருந்த அகரம் மட்டும் அடங்கிவிடுகிறது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினின் மேல் மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி ஒட்டிக்கொள்வதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு ஜீனின் தொடக்கப் பகுதியில் இந்தப் புள்ளிகள் அடர்ந்துவிட்டால் அந்த ஜீன் பெரும்பாலும் வாயடைத்துப் போகிறது. கல்லீரல் செல்லிலும் நரம்பு செல்லிலும் இருக்கும் எழுத்துகள் ஒன்றே. புள்ளி வைத்த இடங்கள்தான் வேறு.

இன்னொரு பகுதியும் உண்டு. ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளின் மேல், உருண்டைக்கு 147 எழுத்து இணைகள் வீதம் சுற்றப்பட்டிருக்கிறது. இறுக்கிக் கட்டிய சுவடியை அவிழ்க்காமல் படிக்க முடியாதல்லவா? ஹிஸ்டோன்களில் அசிட்டைல் தொகுதி ஒட்டினால் கட்டு தளர்கிறது. அதை நீக்கினால் இறுகுகிறது. கான்ராட் வாடிங்டன் 1942-இல் எபிஜெனடிக்ஸ் என்ற பெயரை வைத்தபோது இவை எதுவும் தெரிந்திருக்கவில்லை. டி.என்.ஏ.வின் வடிவமே 1953-இல்தான் தெரிய வந்தது. பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வேன்.

2. கேன்சர் ஜீன்ல மியூட்டேஷன் ஆகுறதாலதானே வருது? இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

மியூட்டேஷன் என்பது எழுத்துப்பிழை. ஆனால் எழுத்துப்பிழை இல்லாமலும் ஒரு ஜீனை முடக்க முடியும். செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் பி16 என்ற ஜீன் பல புற்றுகளில் ஒரு பிழையும் இல்லாமலே மெத்தில் புள்ளிகளால் அடக்கப்பட்டிருப்பது 1995-இல் தெரிய வந்தது. டி.என்.ஏ.வில் நேரும் பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.1 ஜீன் இப்படி அடங்கிவிட்டால், அதன் பிறகு எழுத்துப்பிழைகளே ஆயிரக்கணக்கில் குவியும். ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுகிறது.

இதில் விசித்திரம் என்னவென்றால், புற்று செல்லில் மொத்தமாகப் பார்த்தால் மெத்தில் புள்ளிகள் குறைந்திருக்கும். சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் அளவுக்கு மீறி அடர்ந்திருக்கும். மொத்தக் குறைவை ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் 1983-இல் வெளியிட்டார்கள். பிறகு பல புற்றுகளின் டி.என்.ஏ. படிக்கப்பட்டபோது, புள்ளி வைக்கும் நொதியான டி.என்.எம்.டி.3ஏ, புள்ளியை நீக்கும் டெட்2 போன்றவற்றின் ஜீன்களிலேயே மியூட்டேஷன் இருப்பது தெரிந்தது. ஆகவே 'ஜெனடிக்ஸா, எபிஜெனடிக்ஸா' என்று பட்டிமன்றம் வைப்பதில் பயனில்லை.

3. எம்.பி.பி.எஸ். படிக்காதவங்க கேன்சர் ஆராய்ச்சி செய்ய முடியுமா? என்ன டிகிரி வேணும்?

முடியும். இந்தத் துறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் அல்லர், நானும் அல்ல. பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி, விலங்கியல், மைக்ரோபயாலஜி ஆகியவற்றில் எம்.எஸ்சி. முடித்துப் பிஎச்.டி.க்கு வருவதுதான் வழக்கமான பாதை. நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் நேராகப் பிஎச்.டி. சேர 2022-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகள் இடம் தருகின்றன. ஆனாலும் ஒரு முழு ஆண்டு லேப் அனுபவம் இல்லாமல் வருபவர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பட்டத்தின் பெயரைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: புள்ளியியல். எங்களிடம் நேர்காணலுக்கு வருபவர்கள் மெத்திலேஷன், அதாவது மெத்தில் புள்ளி ஒட்டும் வினை, அதன் தொடரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். இருபது சாம்பிளில் நாலரை லட்சம் இடங்களைச் சோதித்தால் தற்செயலாகவே எத்தனை இடங்கள் 'வித்தியாசமாக' வரும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழிகள் இரண்டில் ஒன்றையாவது பி.எஸ்சி. படிக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

4. நெட் பாஸ் பண்ணியே ஆகணுமா? மாசம் எவ்வளவு வரும்?

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பிறகு எஸ்.ஆர்.எஃப். என்னும் முதுநிலைக்கு உயர்ந்ததும் 42,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை நடப்பில் இருக்கிறது. நெட் மட்டுமே வழி என்பதில்லை: மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை (டி.பி.டி.), இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஆகியவற்றின் ஃபெல்லோஷிப்கள் இருக்கின்றன, கேட் (GATE) தேர்வு இருக்கிறது.

ஃபெல்லோஷிப் இல்லாமல் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். சேரலாம், ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு வாடகையும் சாப்பாடும் எங்கிருந்து வரும் என்பதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு சேருங்கள். கைடின் ப்ராஜெக்ட் முடியும் நாளும் உங்கள் பிஎச்.டி. முடியும் நாளும் ஒன்றாக அமைவதில்லை. ஃபெல்லோஷிப் உங்கள் பெயரில் வந்தால் அந்தக் கவலை பாதியாகக் குறையும்.

5. சென்னையிலேயே செய்ய முடியுமா, இல்ல பெங்களூர், ஹைதராபாத் போகணுமா?

அங்கே பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் சென்னைக்கு ஒரு தனி வசதி உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, கிண்டியில் ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகள், தரமணியில் அதன் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனமும் கணித அறிவியல் நிறுவனமும் ஆகிய எல்லாம் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. அறுவை அரங்கில் எடுத்த திசு ஐஸ் பெட்டியில் அரை மணி நேரத்தில் லேபுக்கு வந்துவிட முடிவது சிறிய விஷயம் அல்ல. டிராஃபிக் விட்டால், என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. கருப்பைவாய்ப் புற்று இங்கே குறைந்து மார்பகப் புற்று முன்னே வந்த கதையை அதில் படிக்கலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட புற்றுநோய் மரபணுத் தொகுப்பு, இந்தியாவைச் சேர்ந்த 480 மார்பகப் புற்றுத் திசுக்களைக் கொண்டு உருவானது. அது எழுத்துகளின் தொகுப்பு. நம் மக்களின் புற்றுகளில் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதில் செய்ய வேண்டிய வேலை இன்னும் நிறையக் கிடக்கிறது.

6. தினமும் லேப்ல என்னதான் செய்வீங்க?

எங்கள் வேலையின் நடுத்தூண் பைசல்ஃபைட் மாற்றம் என்ற ஒரு வேதிவினை. புள்ளி வைத்த சைட்டோசினும் வைக்காத சைட்டோசினும் சாதாரணமாகப் படிக்கும்போது ஒன்றுபோலவே தெரியும். டி.என்.ஏ.வைச் சோடியம் பைசல்ஃபைட்டில் ஊறவைத்தால், புள்ளி இல்லாதவை மட்டும் வேறோர் எழுத்தாக மாறிவிடும்; புள்ளி உள்ளவை அப்படியே நிற்கும். பிறகு படித்தால் எது எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். 1992-இல் ஆஸ்திரேலியாவில் மரியான் ஃப்ரொம்மரும் சகாக்களும் கொடுத்த இந்த யுக்தி இல்லாவிட்டால் இந்தத் துறையின் பாதி இருந்திருக்காது.

சொல்ல எளிது. மாலை ஐந்து மணிக்கு ஸ்காலர் டியூபில் டி.என்.ஏ.வை எடுத்து, அன்றைக்கே கலக்கிய பைசல்ஃபைட்டைச் சேர்த்து, ஒளி படாமல் மூடி, ஐம்பது டிகிரிக்கு மேல் இரவு முழுக்க விடுவார். காலையில் வந்தால் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி துண்டு துண்டாக உடைந்திருக்கும்; மிஞ்சியதைக் கழுவிச் சேகரிக்க வேண்டும். கழுவும்போது கவனம் பிசகினால், டியூபின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒட்டியிருந்த வெண்படிவு பிப்பெட் முனையோடு போய்விடும். அதன் பின்னால் இருப்பது ஒரு நோயாளியிடம் ஒரே ஒரு முறை எடுத்த திசு. இப்போது சில மணி நேரத்தில் முடியும் கிட்டுகளும், டி.என்.ஏ.வை உடைக்காத நொதி முறைகளும் வந்துவிட்டன, விலைதான் இடிக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு நான் பழைய முறையைத்தான் முதலில் செய்யக் கொடுப்பேன்.

மற்ற நேரத்தில் செல் கல்ச்சர் ஹூடின் முன் உட்கார்ந்திருப்போம், கணினியில் வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருப்போம், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் போன இரவுகளில், மாணவர்கள் முறை வைத்து முழங்கால் தண்ணீரில் நடந்து ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவந்தார்கள். எந்தப் பேப்பரின் செய்முறைப் பகுதியிலும் அது எழுதப்படவில்லை.

7. பிஎச்.டி.க்கு ஏன் அஞ்சு ஆறு வருஷம் ஆகுது? சும்மா இழுக்குறாங்களா?

இழுப்பவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் காலதாமதத்தின் கதை வேறு. இரண்டாம் ஆண்டில், வாய்ப்புற்று செல் என்று வேறோர் ஆய்வகத்திலிருந்து நட்பு முறையில் வாங்கிய செல்களில் பதினான்கு மாதம் வேலை செய்தேன். முடிவுகள் அழகாக வந்தன. ஒருநாள் வேறு காரணத்துக்காக வைரஸ் சோதனை வைத்தபோது, அந்தச் செல்லில் இருக்கவே கூடாத எச்.பி.வி. 18 என்ற கருப்பைவாய்ப் புற்று வைரஸ் தெரிந்தது. டி.என்.ஏ. கைரேகைச் சோதனை செய்து பார்த்ததில், நான் வளர்த்தவை வாய்ப்புற்று செல்களே அல்ல, ஹீலா செல்கள் என்று தெரிய வந்தது.

ஹீலா என்பது 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டது. மிக வேகமாகப் பெருகும். ஒரு துளி தவறி விழுந்தாலும் அடுத்த குடுவையை முழுதாகப் பிடித்துவிடும். உலகம் முழுக்கப் பல லேப்களில் இது நடந்திருக்கிறது. பதினான்கு மாத நோட்டுப் புத்தகங்களை அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அன்று முதல் என் லேபுக்குள் வரும் எந்தச் செல்லும் கைரேகைச் சோதனை முடியாமல் இன்குபேட்டருக்குள் போவதில்லை. யார் கொடுத்தாலும் சரி.

8. மெத்திலேஷனை மாத்த முடியும்னு சொல்றீங்க. அப்போ கேன்சரை அப்படியே நார்மல் ஆக்கிடலாமே?

இந்த ஆசையில்தான் பலர், நான் உள்பட, இத்துறைக்கு வந்தோம். எழுத்துப்பிழையைத் திருத்துவது கடினம். புள்ளியை அழிப்பது எளிது. 1980-இல் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும், அசசைட்டிடின் என்ற மருந்து எலிக் கருச் செல்களில் மெத்தில் புள்ளிகள் பதிவதைத் தடுப்பதையும், அந்தச் செல்களில் சில தசை செல்லாக மாறுவதையும் சேர்த்துக் காட்டினார்கள். அமெரிக்காவில் அந்த மருந்து எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றுக்கு 2004-இல் அனுமதி பெற்றது. ஹிஸ்டோன் கட்டைத் தளர்த்தும் வொரினோஸ்டாட், தோலில் வரும் ஒருவகை லிம்போமாவுக்கு (நிணநீர்ப் புற்றுக்கு) 2006-இல் அனுமதி பெற்றது.

ஆனால் மாற்ற முடிவது வேறு, குணமாவது வேறு. அசசைட்டிடின் எந்த ஜீனின் புள்ளியை அழிக்க வேண்டும் என்று பார்த்து அழிப்பதில்லை. உடல் முழுக்க, வேண்டியதையும் வேண்டாததையும் சேர்த்தே அழிக்கிறது. மருந்தை நிறுத்தினால் புள்ளிகள் திரும்பி வந்து உட்காருகின்றன. ரத்தப் புற்றுகளில் கிடைத்த பலன் திடக்கட்டிகளில் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. 'மாற்றக்கூடியது' என்ற சொல்லை விளம்பரங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

9. மஞ்சள் சாப்பிட்டா எபிஜெனடிக்ஸ் மாறி கேன்சர் வராதாமே?

இந்தப் பேச்சுக்கு அடியில் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. பெங்களூரில் தபஸ் குண்டுவின் குழுவினர், மஞ்சளில் உள்ள குர்குமின், ஹிஸ்டோனில் அசிட்டைல் ஒட்டும் பி300 நொதியைத் தடுக்கிறது என்று 2004-இல் காட்டினார்கள். கொடம்புளிக்கு உறவான கோக்கம் பழத்தின் கார்சினாலுக்கும் அந்தத் திறன் உண்டு என்று அதே ஆண்டு வெளியிட்டார்கள். நொதி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய அது நல்ல வேலை.

ஆனால் சோதனைக்குழாயில் சேர்த்த குர்குமின் வேறு, சாம்பாரில் போட்ட மஞ்சள் வேறு. வாய் வழியாக உட்கொள்ளும் குர்குமினில் மிகச் சிறிய பங்கே ரத்தத்தை எட்டுகிறது. எட்டியதும் விரைவில் சிதைகிறது. சமையலுக்கு மஞ்சள் போடுங்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் குர்குமின் மாத்திரையைத் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

10. பாட்டி பட்டினி கிடந்தா பேத்திக்கு கேன்சர் வருமா?

இப்போதைய சான்றுகளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நடந்த பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களிடம், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஐ.ஜி.எஃப்.2 ஜீனில் மெத்தில் அளவு சற்றுக் குறைந்திருந்தது உண்மை. ஆனால் அது கருவிலேயே நேரடியாகப் பட்டினியைச் சந்தித்த தலைமுறை. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போதும், கருவின் முதல் சில நாட்களிலும், பெரும்பாலான புள்ளிகள் அழிக்கப்பட்டு மறுபடி எழுதப்படுகின்றன.

11. கட்டியில மெத்திலேஷன் இருக்கு, ஜீன் ஆஃப் ஆகியிருக்கு. அப்போ அதுதான் காரணம், சரிதானே?

வைவாவில் நான் மறக்காமல் கேட்கும் கேள்வி இது. சரி என்று உடனே சொல்பவருக்கு அடுத்த அரை மணி நேரம் கடினமாக இருக்கும். முதலில், கட்டி என்பது புற்று செல் மட்டும் அல்ல. ரத்த வெள்ளணுக்களும் இணைப்புத்திசுவும் கலந்த கூட்டுக்குடும்பம் அது. முதல் பதிலில் சொன்னபடி ஒவ்வொரு செல் வகைக்கும் புள்ளி வைத்த இடங்கள் வேறு. கட்டியில் வெள்ளணுக்கள் அதிகமாக இருந்தாலே மெத்திலேஷன் மாறியதுபோலத் தோன்றும். வயதும் அப்படித்தான்: 353 இடங்களின் மெத்தில் அளவை வைத்து ஒருவரின் வயதையே ஏறக்குறையச் சொல்லலாம் என்று ஸ்டீவ் ஹார்வத் 2013-இல் காட்டினார். அறுபது வயது நோயாளியின் கட்டியை இருபத்திரண்டு வயது மாணவரின் ரத்தத்தோடு ஒப்பிட்டால் என்ன கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. புற்றில் மெத்தில் ஏறிய ஜீன்களில் பல, அந்தத் திசுவின் இயல்பான செல்லிலேயே ஏற்கெனவே அடங்கிக் கிடந்தவை. பூட்டியிருந்த வீட்டுக்கு யாரோ பின்னால் வந்து தாழ்ப்பாள் போட்டதுபோல. காரணம் என்று நிரூபிக்க வேண்டுமானால், எழுத்தைத் தொடாமல் அந்த ஓரிடத்தில் மட்டும் புள்ளியை வைத்தும் நீக்கியும் பார்க்க வேண்டும். டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடத்தைத் தேடிப்போய் வெட்டும் காஸ்9 என்ற புரதத்தின் வெட்டும் திறனை நீக்கி, அதோடு புள்ளி வைக்கும் டி.என்.எம்.டி.3ஏ அல்லது புள்ளியை நீக்கும் டெட்1 நொதியை இணைத்து இப்போது இதைச் செய்கிறார்கள். எட்டாம் பதிலில் சொன்ன மருந்தைப் போட்டு, ஜீன் திறந்துகொண்டது என்று காட்டுவது போதாது. அந்த மருந்து அதே நேரத்தில் வேறு நூற்றுக்கணக்கான ஜீன்களையும் திறந்திருக்கும்.

12. இதுல பேஷன்ட்டுக்கு உடனே பயன்படுற டெஸ்ட் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. க்ளியோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டியில் எம்.ஜி.எம்.டி. ஜீனின் மெத்திலேஷனைச் சோதிப்பது வழக்கத்தில் உள்ளது. டெமோசோலோமைடு மருந்து டி.என்.ஏ.வில் உண்டாக்கும் சேதத்தை அந்த ஜீன் பழுதுபார்த்துவிடும்; அது அடங்கியிருப்பவர்களிடம் மருந்து நன்றாக வேலை செய்வது 2005-இல் வெளியான ஆய்வில் தெளிவானது. இங்கே மெத்தில் புள்ளி நோயாளிக்குச் சாதகம் என்பதைக் கவனியுங்கள். பெருங்குடல் புற்றைக் கண்டறிய அமெரிக்காவில் 2014-இல் அனுமதி பெற்ற மலப்பரிசோதனையிலும் இரண்டு ஜீன்களின் மெத்திலேஷன் பார்க்கப்படுகிறது.

13. வெளிநாடு போயிட்டா திரும்பி வர முடியுமா? வந்தா வேலை இருக்கா?

திரும்பி வருபவர்களுக்கு ராமலிங்கசுவாமி, ராமானுஜன் ஃபெல்லோஷிப்களும், வெல்கம்-டி.பி.டி. இந்தியா அலையன்ஸும் உண்டு. இவை கால வரம்பு உள்ளவை; நிரந்தர வேலை அல்ல. நிரந்தரப் பணியிடம் குறைவு, போட்டி அதிகம், விளம்பரம் வரும் காலம் நம் கையில் இல்லை. இதை மறைத்துப் பேசுவது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம். பிஎச்.டி. முடித்தவர்களில் ஒரு பகுதியினர் நோயறி ஆய்வகங்களுக்கும், மருந்து நிறுவனங்களுக்கும், தரவுப் பகுப்பாய்வு வேலைக்கும் போகிறார்கள். மூன்றாம் பதிலில் புள்ளியியலை வலியுறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

போங்கள், போய்க் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே ஆர்டர் போட்ட மறுநாள் கைக்கு வரும் ஆன்டிபாடி இங்கே வர வாரக்கணக்கில் ஆகும் என்பதையும், சில சமயம் பெட்டியைத் திறந்தால் டிரை ஐஸ் முழுவதும் தீர்ந்து, உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துச் சோதனைகளைத் திட்டமிடப் பழகுங்கள்.

14. எங்க அம்மாவோட கட்டியில ஒரு துண்டு ஆராய்ச்சிக்குன்னு எடுத்தீங்களே. ரிசல்ட் எப்போ சொல்வீங்க?

எனக்குப் பதில் சொல்லக் கடினமான கேள்வி இதுதான். ஆராய்ச்சிக்கு எடுத்த திசுவிலிருந்து தனிநபருக்கு அறிக்கை பொதுவாகத் தரப்படுவதில்லை. சிகிச்சைக்குத் தேவையான பரிசோதனைகளை மருத்துவமனையின் நோயியல் துறை தனியாகச் செய்கிறது. அதன் ரிப்போர்ட் உங்களுக்கு வரும். எங்களிடம் வரும் டியூபில் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். ஏழாம் பதிலில் சொன்ன ஹென்ரியெட்டா லாக்ஸிடம் யாரும் கேட்டுக்கொண்டு எடுக்கவில்லை. இப்போது நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், நோயாளி புரிந்துகொண்டு இட்ட கையெழுத்தும் இல்லாமல் திசுவைத் தொட முடியாது.

காசிமேட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு நானே படிவத்தைப் படித்துக் காட்டினேன். 'இதனால் எனக்கு நேரடிப் பயன் ஏதும் இல்லை என்பதை அறிவேன்' என்ற வரி வந்ததும், "இன்னொரு வாட்டி படி கண்ணு" என்றார். படித்தேன். "எனக்கு இல்லன்னா யாருக்கு?" என்று கேட்டார். பின்னால் வருபவர்களுக்கு, அதுவும் உறுதியில்லை என்றேன். சற்று நேரம் மகளைப் பார்த்துவிட்டுக் கைநாட்டு வைத்தார். "என் பேரு எழுதாம நம்பர் போட்டா, எது என்னுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்குத் தெரியாது, அந்தப் பட்டியல் வேறொருவரிடம் பூட்டி இருக்கும் என்றேன்.

படிவத்தின் நகல் ஒன்று உங்கள் அம்மாவுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். அதில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். விருப்பம் மாறினால், காரணம் சொல்லாமலே ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அதனால் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது. நகல் கிடைக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.